கொல்லி காவலனும் மலைநாட்டு அடியாரும்

நாமகிரிக் குன்றின் உச்சிக் கோட்டையில் ஏறி நின்று கிழக்கே நோக்கும் அன்பர்களுக்கு, அடிவானத்தை மறைத்து நீண்டு கிடக்கும் நீல மதில் ஒன்று தென்படும். அதுவே கொல்லிமலை. திருவிழாவை முன்னிட்டு இவ்வூருக்கு வரும் யாத்ரிகர்களிற் பலர் அதனைச் சுட்டிக் காட்டி, அறப்பளீஸ்வரர் மலை என்றோ சித்தர் மலை என்றோ சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுவர். நம் சம்பிரதாயத்திற்கும் அம்மலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்ற எண்ணம் கற்றவரிடையேயும் உண்டு. திவ்யப் பிரபந்தத்தை நாள்தோறும் ஓதும் பெரியோர் சிலரே அம்மலையின் பெயரைத் தம் வாயாலேயே சொல்லிக்கொண்டும் அதனை நினையாதிருப்பதைக் கண்டதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்தது. முன்னாளில் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தின் பகுதியாயிற்று. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறத் தொடங்குவோர் முப்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டு முன் இருக்கையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். உச்சியை அடைந்தால் சோளக்காடு, அப்பால் செம்மேடு. பெரும்பாலான மலைகளைப் போல் மேலே கூர்ந்து முடியாமல், மேட்டுச் சமவெளியாக விரிந்து, பள்ளங்களில் நெல்வயலும் சரிவுகளில் பலாவும் மிளகும் காப்பியும் வாழையும் அன்னாசியுமாகக் காட்சி தருவது இம்மலையின் தனிச்சிறப்பு. ஐயாறு இம்மலையில் தோன்றி, ஆகாய கங்கை என்னும் அருவியாக விழுந்து, துறையூர்ப் பக்கமாக இறங்கிச் செல்கிறது.

மலைமேல் உள்ள ஊர்களைத் தனித்தனி ஊர்களாக எண்ணுவதைக் காட்டிலும் நாடுகளாக எண்ணுவதே அம்மக்களின் மரபு. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு எனப் பதினான்கு நாடுகள். இன்றும் ஊராட்சிகள் இப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. சோழர் கால நாட்டுப் பிரிவுகளைக் கல்வெட்டில் படித்து வியக்கும் நாம், "நாடு" என்ற சொல் வாழ்வோடு ஒட்டி உயிரோடிருக்கும் இடம் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருப்பதை அறிவதில்லை. நாடு ஒவ்வொன்றிலும் சிறு சிறு குடியிருப்புகள். சில குடியிருப்புகளில் இருபது முப்பது வீடுகளுக்கு மேல் இரா. வீட்டைச் சுற்றிப் பலா நிற்கும். அதன்மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்கும்.

சங்க நூல்களை அறிந்தோர்க்குக் கொல்லி புதிதன்று. இதனை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிற் கிடந்த உடும்பிற் சென்று தைத்தது என வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். அத்தகைய ஓரியை மலையமான் திருமுடிக்காரி போரிற் கொன்று, கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறும். கொன்ற காரியும் அவ்வெழுவருள் ஒருவனே! பின்னர்ச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் வேந்தர் இருவரையும் ஒருசேர வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் தெரிவிக்கிறது. அதிகமான் மரபின் பெயரும் வள்ளல் வரிசையில் உண்டு. வள்ளல்கள் மூவரின் பெயரோடு பிணைந்தது இம்மலை. அப்பிணைப்பு மூன்றும் குருதியாலானது என்பதையும் மறக்கலாகாது. இன்று ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் அரசு சார்பில் ஓரி விழா நடைபெறுகிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலையும் உண்டு.

தோற்ற அதியர் குடியின் வழியினர் பின்னாளில் செய்த கைங்கர்யமே நாம் இங்கு ஸேவிக்கும் குடைவரைகள். கி.பி. 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அரங்கநாதர் குடைவரைக் கல்வெட்டு அதனை அதியேந்திர விஷ்ணு கிருஹம் என்றே குறிப்பிடுகிறது. முன்னோர் தோற்ற போர்க்களம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில், பின்னோர் எம்பெருமானுக்குக் கல்லைக் குடைந்து கோயில் எடுத்தனர். இது வரலாற்றில் தற்செயலாக நேர்ந்ததாகவே இருக்கலாம். எனினும் நரசிம்மனைச் ஸேவிக்கையில் அடியேனுக்கு இது நினைவுக்கு வராமற் போவதில்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். சேரர் கைக்கு வந்த கொல்லி, சேர மன்னரின் விருதுப் பெயர்களுள் நிலைத்துவிட்டது. அவ்வழியில் தோன்றியவர் குலசேகரப் பெருமாள். மாசித் திங்கள் புனர்பூசத்தில் திருவஞ்சிக்களத்தில் கௌஸ்துபத்தின் அம்சமாக அவதரித்தவர் என்று குருபரம்பரை கூறும். அவர் அருளிய பெருமாள் திருமொழி பத்துத் திருமொழிகளும் 105 பாசுரங்களும் கொண்டது, முதலாயிரத்தைச் சேர்ந்தது. திருமொழி ஒவ்வொன்றின் கடைப் பாசுரத்திலும் ஆழ்வார் தம் பெயரை வைத்துள்ளார். பெயரோடு அரசுரிமைப் பட்டங்களும் வரும். கூடலுக்குத் தலைவர், கோழியாகிய உறையூர்க்கு மன்னர், கொங்கர்க்குக் கோன் என்றெல்லாம் கூறிக்கொள்கிறார். பத்தில் மூன்று இடங்களில், அதாவது இரண்டாம், ஆறாம், ஏழாம் திருமொழிகளின் முடிவில், கொல்லியைக் காப்பவர் என்றோ கொல்லி நகர்க்கு இறைவர் என்றோ குறித்துக்கொள்கிறார்.

இவை பரம்பரையாக வந்த விருதுகளேயன்றி, அவர் உண்மையில் கொல்லியை ஆண்டார் என்பதற்குச் சான்றாகா என வாதிப்போர் உண்டு. வரலாற்று நெறியில் அவ்வாதத்திற்கு வலிமை உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூடலும் கோழியும் ஆழ்வார் காலத்தில் சேரர் ஆட்சிக்குட்பட்டிருந்தன என்று எவரும் நிறுவிவிட முடியாது. ஆனால் நமக்கு வேண்டியது ஆட்சி எல்லை அன்று. எந்தப் பாசுரத்தின் இறுதியில் எந்தப் பட்டம் நிற்கிறது என்பதே. இரண்டாம் திருமொழி எதைப் பற்றியது? அது அரங்கனைப் பற்றிய துதி என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுவர். ஊன்றி ஓதினால், அது அரங்கனின் அடியார்களைப் பற்றியது என்பது விளங்கும். அவனைப் பாடி ஆடி, கண்ணீர் சிந்தி, மண்ணை நனைக்கும் அடியாரின் பாத தூளியையும், அவர்தம் கண்ணீர் சேறாக்கிய முற்றத்து மண்ணையும் தம் தலைக்கு அணியாகக் கேட்கிறார் மன்னர். அடியார்க்கு அடிமையாதலே அத்திருமொழியின் பொருள். அதனைச் சொல்லி முடித்தபின், சொன்னவர் யாரென்று அறிவிக்கையில் முதற்கண் வரும் பட்டம் கொல்லியைக் காப்பவர் என்பது! மலையரசன் ஒருவன், பெயரும் குலமும் கேளாமல் அடியாரின் கால்தூசியைச் சூடுகிறான்.

இதற்குப் பொருத்தமாகவே ஆழ்வார் வைபவத்தில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அரண்மனையில் பாகவதர்கள் தங்கு தடையின்றிப் புழங்குவதை மந்திரிகள் பொறாதாராயினர். இராமபிரான் திருமேனிக்குரிய திருவாபரணம் ஒன்றைத் தாமே மறைத்துவிட்டு, அதனைக் களவாடியவர் பாகவதர்களே எனக் குற்றம் சாட்டினர். மன்னர் வழக்கு விசாரிக்கவில்லை, சாட்சிகளை அழைக்கவில்லை. விஷப்பாம்பு அடைத்த குடத்தைக் கொணரச் செய்து, அடியார்கள் அக்குற்றம் செய்யார் என்று சொல்லித் தம் கையை அதனுள் விட்டார். பாம்பு தீண்டவில்லை, மந்திரிகள் உண்மையைச் சொல்லி அடிபணிந்தனர். ஏழை எளியோர் ஒரு வீட்டினுள் வந்து போனால், பொருள் காணாதபோது முதல் ஐயம் அவர்கள்மேல் விழுவது அன்றும் வழக்கமாயிருந்தது போலும்.

நான்காம் திருமொழியைப் பற்றியும் ஓரிரு சொல் கூறாதிருக்க இயலவில்லை. திருவேங்கட மலையில் குருகாகப் பிறக்க வேண்டும், சுனையில் மீனாக வேண்டும், செண்பக மரமாக நிற்க வேண்டும், மலைச் சிகரமாக வேண்டும், காட்டாறாக வேண்டும், அடியார் நடக்கும் வழியாக வேண்டும், வாசற்படியாக வேண்டும் என்று ஆசை படிப்படியாக இறங்குகிறது. அரசாட்சியையும் தேவலோக இன்பத்தையும் வேண்டாம் என்று தள்ளியவர், சந்நிதியின் படியாகக் கிடக்கும் பேற்றைக் கேட்கிறார். வைணவக் கோயில்களில் கர்ப்பக்கிருகத்தின் முன்னுள்ள படியைக் குலசேகரன் படி என்று வழங்குவது இதனாலேயே. மலைக்குக் காவலன் என்ற பட்டத்தைச் சுமந்தவர், மற்றொரு மலையில் பலரும் மிதித்தேறும் கல்லாகக் கிடக்க ஆசைப்பட்டார்.

இத்தகைய ஆழ்வாரின் பெயரோடு ஒட்டிய மலையில் இன்று வாழ்வோர் யார்? மலையாளிகள் என்று அவர்களை வழங்குகிறோம். கேரளத்து மலையாளத்தாரோடு இவர்களை மயங்கிக்கொள்ளலாகாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. தமிழே இவர்தம் மொழி. கொல்லிமலையில் மட்டுமன்றிச் சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாது ஆகிய மலைகளிலும் இவர்கள் பரவியுள்ளனர். பட்டியல் பழங்குடியினராக அரசு இவர்களை ஏற்றுள்ளது.

இவர்கள் தம் வரலாறாகச் சொல்லிவரும் கதை நம் கவனத்திற்குரியது. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கின்றனர். 19ஆம் நூற்றாண்டில் சேலம் ஜில்லாவைப் பற்றி எழுதிய ஆங்கில அதிகாரிகள் இதனைக் கேட்டுப் பதிவு செய்தனர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இது இடம்பெற்றது. அக்கதையின் ஒரு வடிவம் வருமாறு: காஞ்சியில் கரிராமன் என்றொரு தெய்வம் இருந்தது. அங்கே இருப்பது அதற்கு ஒவ்வாமற் போகவே, புதிய உறைவிடம் தேடிப் புறப்பட்டது. அதன் அடியாராகிய பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தத்தம் குடும்பத்தோடு தம் தெய்வத்தைத் தேடிப் பின்தொடர்ந்தனர். சேலம் சீமையை அடைந்ததும் வழி பிரிந்து, வெவ்வேறு மலைகளுக்குச் சென்றனர். எவர் எம்மலைக்குச் சென்றார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. மூத்தவர் சேர்வராயனுக்கும், இரண்டாமவர் கொல்லிக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றதாக ஒரு வடிவம் சொல்லும்.

கரிராமன் என்ற பெயரைக் கரிய ராமன் என்று கொள்வதே நேரிது. காஞ்சி அத்திகிரிக்குக் கரிகிரி என்றும் பெயருண்டாதலால், கரிகிரி வரதனே மக்கள் நாவில் இவ்வாறு ஆனானோ என்று எண்ணவும் இடமுண்டு. இது அடியேன் ஊகமேயன்றி முடிபன்று. எவ்வாறாயினும், திருமாலின் திருநாமம் தாங்கிய ஒரு தெய்வத்தின் பின்னே ஒரு குலமே மலையேறியது என்பது இவர்களின் நினைவு. காஞ்சியிலிருந்து பெருமாள் புறப்பட்டுவிடுவது நமக்குக் கேட்ட கதைதானே! திருவெஃகாவில் திருமழிசைப்பிரானின் சீடர் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்த, சீடருடன் ஆழ்வாரும் புறப்பட, ஆழ்வார் சொற்படி எம்பெருமான் தன் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றான். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை ஆயிற்று. மன்னன் பிழை பொறுக்க வேண்டியபின் எல்லோரும் மீண்டனர். சொன்னவண்ணம் செய்த பெருமாள் இன்றும் இடம் வலம் மாறிக் கிடக்கிறான். அங்கே அடியாரின் பின் தெய்வம் சென்றது, மீண்டும் வந்தது. இங்கே தெய்வத்தின் பின் அடியார் சென்றனர், மீளவே இல்லை. முன்னதைப் போற்றி உத்ஸவம் எடுக்கும் நாம் பின்னதைக் காட்டுவாசிகளின் கட்டுக்கதை என்று ஒதுக்குவது முறையாகுமா? சரித்திர ஆராய்ச்சியாளர் ஏற்பரோ மறுப்பரோ, ஒரு குடி தன்னைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக எதனைச் சொல்லிக்கொள்கிறது என்பதே அக்குடியின் உள்ளத்தைக் காட்டும்.

இதனால் கொல்லிமலையார் அனைவரும் நாம் கருதும் வகையில் வைணவர் என்று சாதிக்க முற்படவில்லை. அவர்கள் பெருமாளையும் ஈசனையும் அம்மனையும் ஊர்த்தேவதைகளையும் வேறுபாடு பாராட்டாது வணங்குபவர். வளப்பூர் நாட்டு அறப்பளீஸ்வரர் கோயில் தேவார வைப்புத் தலம். எட்டுக்கை அம்மனைப் பழைய கொல்லிப்பாவை என்றே மக்கள் நம்புகின்றனர். மாசி பெரியசாமி கோயிலுக்குச் சமவெளியிலிருந்தும் ஏராளமானோர் செல்கின்றனர். சுக்ரீவனுடைய மதுவனம் இம்மலையே என்று சொல்வாரும் உளர். கொல்லித் தேனின் புகழ் அவ்வாறு சொல்லத் தூண்டியிருக்கலாம். அதற்கு நூற்சான்று காண்பதற்கில்லை. ஆழ்வாரின் வாக்கே கையில் இருக்க, நமக்கு அது வேண்டுவதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் காரவள்ளி அடிவாரத்தில் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மலையிலிருந்து பலாப்பழம் சுமந்து வந்த முதியவர் ஒருவர் பாதையோரம் சுமையை இறக்கி வைத்திருந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. நெற்றியில் திருமண் துலங்க வண்டியிலிருந்து இறங்கிய அன்பர் ஒருவர், பேரன் வயதினர், "என்னடா விலை?" என்று கேட்டார். முதியவர் விலையைச் சொன்னார். "மலையில சும்மா விளையறதுக்கு இவ்வளவா?" என்றார் அன்பர். முதியவர் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்குங்க சாமி, குடுக்கறதக் குடுங்க" என்றார். பாதி விலைக்குப் பழம் வண்டியேறியது. அந்த அன்பர் நல்லவர்; நித்யானுஸந்தானம் தவறாதவர். பெருமாள் திருமொழி முழுவதும் அவருக்குப் பாடம் என்பதையும் பின்னர் அறிந்தேன்.

உடையவர் சரித்திரத்தில் மலைவாழ் மக்களைப் பற்றி வரும் பகுதியை இவ்விடத்தில் நினைக்கலாம். சோழ நாட்டை விட்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளும் வழியில், காடுகளில் பல நாள் உணவின்றி நடந்த எம்பெருமானாரின் கோஷ்டியை மலையடிவாரத்து வேடர்கள் எதிர்கொண்டனர். அவர்கள் நல்லான் என்னும் பாகவதரின் சீடர்கள். எம்பெருமானார்க்கு இடர் நேர்ந்ததென்று கேட்டு உண்ணாது வருந்தியிருந்த அவர்கள், வந்தவர் அவரே என்று அறிந்து உவந்து, தேனும் தினைமாவும் கொடுத்து உபசரித்து வழிகாட்டினர் என்பது குருபரம்பரைச் செய்தி. ஆசார்யர் பசியோடு வந்தபோது முதலில் உணவளித்தது நகரமன்று, மலைதான்.

அந்தத் தினை இன்று கொல்லியில் எந்நிலையில் உள்ளது? சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவையே ஒரு காலத்தில் இம்மலையாரின் அன்றாட உணவு. மானாவாரியாக, உரமின்றிச் சரிவு நிலத்தில் விளைபவை. சாமையைக் குத்தி உமி நீக்குவது பெண்டிரின் கடும் உழைப்பு. பின்னர் ஆத்தூர், சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டப்பட, மலையிலும் மரவள்ளி ஏறியது. அதில் கைக்குப் பணம் வந்தது. அதனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் சாமை விளைந்த புனங்கள் சுருங்கின. வழிவழியாகக் காத்த விதை வகைகள் சில வீடுகளில் மட்டுமே எஞ்சின. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காக்கவும், குத்துவதற்கு இயந்திரம் அமைத்துத் தரவும் பாடுபட்டது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், நகரத்துக் கடைகளில் சாமை அரிசி நெல்லரிசியைவிட மிகுந்த விலைக்கு விற்கிறது. விளைவித்தவர் கைக்கு அதில் எவ்வளவு சேர்கிறது என்பதை வாங்குவோர் கேட்பதில்லை.

இவ்விழாவுக்கு வந்துள்ள அன்பர்களிற் சிலர் நரசிம்மனையும் நாமகிரித் தாயாரையும், கூரையின்றி வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரையும் ஸேவித்தபின் மலைக்கும் செல்லக்கூடும். செல்வோர் விடியலில் புறப்படுவது நலம். வளைவுகளில் பனி இறங்கும் முன் திரும்பிவிடலாம். மலையார் தரும் பழத்திற்கும் தேனுக்கும் அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்து வாங்குக. பெரியவர்களைப் பெரியவர் என்றே அழைத்துப் பேசுக. மலைக்குச் செல்ல இயலாதோர் சந்நிதியில் பெருமாள் திருமொழி சேவை நடக்கும்போது உடனிருந்து கேட்கலாம். இரண்டாம் திருமொழியின் கடைப் பாசுரம் வருகையில் கொல்லி என்ற சொல் செவியில் விழும். அந்நேரத்தில் கிழக்கே அந்த நீல மதிலின்மேல், சோளக்காட்டுச் சந்தைக்குப் போக யாரோ ஒருவர் பலாப்பழச் சுமையைக் கட்டிக்கொண்டிருப்பார்.